சாவுப் பாட்டு இக்னேஷியஸ்

ராயபுரத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் இக்னேஷியஸ் அண்ணனுக்குத்தான் ஆள் போகும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். டோலக்கைத் தட்டி, செத்தவர் பெயரை வைத்துப் பாட்டுக் கட்டினால் எதிரிகூட அழுதுவிடுவான். அதனாலேயே, நல்ல காரியத்துக்குக் கிளம்பியவர்கள் அவரை எதிரில் கண்டால் வீட்டுக்குத் திரும்பித் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். என்ன ஜனங்களோ!

அப்படிப்பட்ட மனுஷன், ஐம்பத்தொன்றாம் வருஷம், நான் ஆயாவாக இருந்த ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்குள் நுழைந்தார். நசுங்கிய விரலுக்குக் கட்டுப் போட வந்தவர், நீலா போட்ட கூச்சலைக் கேட்டு எட்டிப் பார்த்தார். எட்டு வயசுப் பெண். தொடையில் எலும்புவரை சீழ். புண்ணில் திணித்த துணியைத் தினமும் உருவி மாற்ற வேண்டும். விட்டால் காலையே எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ உதைப்பாள், கடிப்பாள்.

"இன்னா கண்ணு, உங்கூர்ல இன்னா மீனு கெடைக்கும்?" என்றார் அண்ணன்.

"வஞ்சிரம்" என்று விக்கினாள். அவள் சொல்லச் சொல்ல, அவர் ஸ்டூலைத் தட்டிப் பாட்டுக் கட்டினார்.

"வஞ்சிர மீனு வண்டி ஏறி
வைத்தியம் பாக்க வந்திச்சாம்
நீலா காலைப் பாத்துட்டு
நீச்சல் போட்டு ஓடிச்சாம்!"

கடைசி வரி அவளுடையது. அதற்குள் துணி மாற்றி முடிந்திருந்தது. அன்றிலிருந்து கட்டு மாற்றும் வேளைக்குத் தவறாமல் வந்தார். மற்ற பிள்ளைகளும் ஆளுக்கொரு பாட்டுக் கேட்டார்கள். "ஒரு புகார் வந்தாலும் உள்ளே விடமாட்டேன்" என்று சிஸ்டர் ஃப்ளோரன்ஸ் முறைத்தார்.

அந்தப் புகார் நீலாவின் ஊரான முகத்துவாரக்குப்பத்திலிருந்து வந்தது. நீலாவின் அம்மா கெங்கம்மா, மீன் விற்ற கையோடு மகளைப் பார்க்க வராந்தாவில் ஏறியபோது அந்தக் குரலைக் கேட்டாள். அவள் புருஷன் பிணத்தருகே பாடிய அதே குரல். அதில் மகள் பெயர்.

"அய்யோ, பூட்டியாடி!" கூடையைப் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். உயிரோடு உட்கார்ந்திருந்த மகளைக் கண்டதும் பயமெல்லாம் ஆத்திரமாகிவிட்டது. அண்ணன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"சாவுக்குப் பாட்ற வாயால உசுரோட கீற பொண்ணு பேர எதுக்குயா சொன்ன? எமனுக்கு ஆள் காட்றியா?"

சிஸ்டர் வாசலைக் காட்டினார். அண்ணன் கிளம்பிவிட்டார்.

கட்டு மாற்ற வந்த ட்ரேயை நீலா உதைத்துத் தள்ளினாள். மூன்று பேர் அமுக்கியும் காலை நீட்ட முடியவில்லை. "காலு போனா போவட்டும், எனக்கு அவர்தான் வோணும்!" கெங்கம்மா கிட்டே வந்து புண்ணைப் பார்த்தாள். அதன் நாற்றம் மீன்காரிக்கே தாங்கவில்லை. வெளியே ஓடி, கேட்டருகே போய்க்கொண்டிருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"பாடு அண்ணாத்தே. அவ பேர எட்த்துடு. எம் பேரப் போட்டுப் பாடு. வர்றது எனக்கு வரட்டும்."

பிணத்தருகே அசராமல் பாடுகிறவர் ஸ்டூலை மட்டும் தட்டினார். நீலாதான் ஆரம்பித்தாள்.

"கெங்கம்மா கூடை கவுந்திச்சாம்
ஆஸ்பத்திரி பூனைக்குக் கல்யாணமாம்!"

வார்டே சிரித்தது. சிஸ்டர் இடுக்கியை எடுத்தார். கெங்கம்மா மகள் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தன் பெயர் வரும் இடத்தில் எல்லாரையும்விட உரக்கப் பாடினாள்.