சுகந்தனின் காதும் நான் அடையாளம் போடாத பெட்டியும்

லா சப்பலில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் சம்பளத்தாள் போடுகிற வேலை எனக்கு. ஓய்வுபெற இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. என் கதிரைக்கு வரப்போகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு திங்கட்கிழமை சாப்பாட்டுக்கடை முதலாளி ஒருவர் வந்தார். "அக்கா, ரெண்டு கடையிலை ஒண்டை மூடுறன். நாலு பேரை நிப்பாட்ட வேணும். பேப்பருகளைச் செய்து தாங்கோ." சொல்லும்போது அவருக்கே முகம் சரியில்லை.

நான்கு பேருக்கும் கடிதமும் வேலைச் சான்றிதழும் அடித்தேன். கம்பனி அவர்களுக்கு எடுத்துக் கொடுத்திருந்த மேலதிக மருத்துவக் காப்புறுதியை இங்கே பிரெஞ்சில் மியுத்துவெல் என்போம். அதிலிருந்தும் நான்கு பெயரையும் கணினியில் நீக்கினேன். வழக்கமான வேலைதான்.

கையெழுத்து வைக்கக் கடைசியாக வந்தவர் சுகந்தன். அந்தக் கடையில் ஆறு வருடம் கோப்பை கழுவியவர். வன்னியில் சண்டை நேரம் பக்கத்தில் செல் விழுந்ததில் இரண்டு காதும் முக்கால்வாசி போய்விட்டது. அவருக்கு ஒன்று சொல்வதென்றால் எழுதிக் காட்ட வேண்டும். கையெழுத்தை வைத்துவிட்டு மியுத்துவெல் அட்டையை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"ஏன் தம்பி இதைத் தாறீங்கள்?" என்று எழுதினேன்.

"வேலை முடிஞ்சால் இதுவும் முடிஞ்சுதுதானே அக்கா. அடுத்த கிழமை காது மெசின் போட நாள் குறிச்சு றாந்தேவு தந்திருந்தவை. வரேல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

வேலையால் நிறுத்தப்பட்டு, சோமாஜ் என்கிற வேலையிழப்புப் பணம் கிடைக்கிறவருக்கு மியுத்துவெல் ஒரு வருடம் வரை கட்டணமில்லாமல் தொடரும். போர்த்தபிலித்தே என்பது அதுதான். நான் அடித்த சான்றிதழிலேயே அது ஒரு வரியாகக் கிடந்தது. அந்த வரியை எத்தனை நூறு தடவை அடித்திருப்பேன்! ஒருவருக்காவது வாசித்துக் காட்டியதில்லை. போதாததற்கு, கணினியில் பெயரை நீக்கும்போது, காப்புறுதி தொடரும் என்கிற பெட்டிக்கு அடையாளம் போடவும் மறந்திருந்தேன். நான்கு பேருக்கும்.

அட்டையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். "இது உங்கடை. பிழை என்னிலைதான்" என்று எழுதினேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

அடுத்த நாள் காலையிலேயே காப்புறுதிக்காரருக்கு ஃபோன் எடுத்தேன். "ஆளை நீக்கியாச்சே, மடாம்" என்றாள் அங்கிருந்த பெண். திருத்தப் படிவம் அனுப்பினேன். நான்கு பேரையும் சோமாஜில் பதியவைத்து, பதிந்ததற்கான கடிதங்களையும் அனுப்பினேன். மூன்றாம் கிழமை நான்கு பேருக்கும் புது அட்டை வந்தது. காது மெசின்கார இடத்தில் மறுபடி றாந்தேவு எடுத்தோம். பிரெஞ்சில் கதைத்து உதவ என்னையும் வரச்சொன்னார்.

மனைவியும் ஐந்து வயது மகளும் வந்திருந்தார்கள். தொழில்நுட்பர் இரண்டு காதிலும் மெசினை மாட்டிவிட்டு, தன் குறிப்புத்தாளைப் புரட்டினார். சுகந்தன் திடுக்கிட்டார்.

"அக்கா, அது என்ன சத்தம்?"

"கடுதாசி, தம்பி."

"கடுதாசிக்கும் சத்தம் இருக்கோ!" அந்தத் தாளை வாங்கிக் காதருகே வைத்துத் தடவினார். திரும்பத் திரும்பத் தடவினார். தொழில்நுட்பர் தாளைத் திருப்பிக் கேட்கவில்லை.

மகள் பின்னால் நின்றாள். தகப்பனின் சட்டையை இழுத்து, அவர் திரும்பிய பிறகுதான் பேசுவாள். பிறந்ததிலிருந்து அப்படித்தான் பழக்கம். இப்போது இழுக்காமல், இங்கத்தைப் பிள்ளைகள் தகப்பனைக் கூப்பிடுகிற மாதிரி, "பாப்பா" என்றாள்.

"ஓம்" என்று திரும்பினார்.

பிள்ளை பயந்து தாய்க்குப் பின்னால் ஒளித்தாள். பிறகு அங்கிருந்தபடியே இன்னும் மெதுவாக, "பாப்பா."

"ஓம்."

இன்னும் மெதுவாக. எனக்கே கேட்கவில்லை.

"ஓம், ஓம், சொல்லு."

தாய் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஒரு பெட்டிக்குள் போடுகிற ஒரு சின்ன அடையாளத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கும் என்று யார் நினைத்தது?

பிள்ளைகளே, வேலையை விட்டுப் போகிறவர் முன்னால் பேனையை நீட்டுவதற்கு முதல் ஒன்று கேளுங்கள்: "உங்களுக்கோ வீட்டிலை ஆருக்குமோ வைத்தியம் பாதியிலை நிக்குதோ?" தாங்களாக ஒருவரும் சொல்லமாட்டார்கள். கேட்டால் சொல்வார்கள்.