டம்ளருக்குப் பெயர் இருந்தது

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அதனால் ஊரில் யாரும் என்னிடம் "உனக்கு இது தெரியுமா?" என்று கேட்பதில்லை. தெரியும் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். ரேஷன் கார்டில் பிழை திருத்துவது, வங்கியில் படிவம் நிரப்புவது, தாசில்தாருக்கு மனு எழுதுவது, யாருடைய செல்போனிலாவது சத்தம் வராமல் போனால் வரவழைப்பது, எல்லாம் என் பொறுப்பு. கல்லூரி முடித்த கையோடு ஒரு பழைய கேமரா வாங்கினேன். அன்றிலிருந்து எங்கள் ஊரான பெருமுக்கல் பக்கம் எந்தக் காதுகுத்துக்கும் என்னை அழைக்காமல் விட்டதில்லை. அழைப்பிதழில் என் பெயர் இருக்காது. ஆனால், "கேமராவ மறந்துடாதப்பா" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அம்மாவின் தம்பி திண்டிவனத்தில் டிபன் கடை திறந்தபோதும் அப்படித்தான்.

"மாப்ள, போர்டுக்கு ஒரு பூரி போட்டோ வேணும்டா. நெட்டுல தேடிப் பாத்தேன். எல்லாம் இந்திக்காரன் பூரியா இருக்குது. நம்மூரு பூரி ஒண்ணு எடுத்துக் குடு" என்றார் மாமா.

பூரியைப் படம் எடுப்பது கைக்குழந்தையைப் படம் எடுப்பதைவிடக் கஷ்டம். எண்ணெயிலிருந்து வரும்போது பந்துபோல இருக்கும். தட்டில் வைத்து, கிழங்கை ஓரமாகத் தள்ளி, நான் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோவதற்குள் பெருமூச்சு விட்டுப் படுத்துவிடும். மாமா மறுபடி போடுவார். படுத்த பூரிகளை வீணாக்கக் கூடாது என்று நான் தின்றுகொண்டே இருந்தேன். பத்துக்கு மேல் எண்ணவில்லை. கடைசியில் ஒரு பூரி மட்டும், இடப்பக்கம் சிறு பள்ளத்தோடு, எனக்காக இரண்டு நொடி காத்து நின்றது.

பூரிக்குப் பக்கத்தில் காப்பி டம்ளர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. கடையின் புது டம்ளர்களில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பாதிதான் உரிந்து வந்தது. உதவிக்கு வந்திருந்த அம்மா தன் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் தந்தார். அது அவருடைய கல்யாணச் சீரில் வந்தது. அதில்தான் அவருக்குக் காப்பி இறங்கும். எங்கே போனாலும் பையில் கூடவே போகும்.

படம் பிரமாதமாக வந்தது. மாமாவின் ஃபிளெக்ஸ் போர்டும் வந்தது. அதில் மாமா, மாமாவின் இரண்டு பிள்ளைகள், மச்சான், மச்சானின் சினேகிதர்கள் ஆறு பேர், குலதெய்வம் என எல்லோரும் பெயரோடு இருந்தார்கள். மூலையில் போர்டு அடித்த கடைக்காரரின் பெயரும் செல் நம்பரும் இருந்தன. என் பெயர் இல்லை. அப்போது எனக்கு அது உறைக்கவே இல்லை. பூரி அவ்வளவு சாப்பிட்டிருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து உறைத்தது. விழுப்புரத்தில் ஒரு சிறிய பதிப்பகம் நம் மாவட்டத்துச் சாப்பாட்டைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவரப் போவதாகவும், அதற்குப் புகைப்படக்காரர் வேண்டும் என்றும் அறிவித்திருந்தது. இதுவரை நான் விண்ணப்பித்த வேலைகளெல்லாம் அம்மாவுக்குப் பெயர் சொல்லத் தெரியாத வேலைகள். இது ஒன்றுதான் நான் நிஜமாகவே ஆசைப்பட்டது. ஒரு நிபந்தனை இருந்தது. விண்ணப்பிப்பவரின் பெயரோடு அச்சில் வந்த மூன்று படங்களை நேர்காணலுக்குக் கொண்டுவர வேண்டும். நேர்காணல் வெள்ளிக்கிழமை.

வீட்டில் இருந்ததையெல்லாம் புரட்டினேன். கோயில் நோட்டீஸ், உரக்கடைக் காலண்டர், பள்ளி ஆண்டு மலர் எல்லாவற்றிலும் என் படங்கள் இருந்தன. பந்தல் போட்டவர் பெயர் இருந்தது. ஒலிபெருக்கி வைத்தவர் பெயர் இருந்தது. என் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

செவ்வாய்க்கிழமை, விண்ணப்பத்தை நேரில் கொடுக்க விழுப்புரம் போனேன். கொடுத்துவிட்டுப் பசியோடு பேருந்து நிலையம் பக்கம் வந்தால், ஒரு ஓட்டல் வாசலில் பத்தடி அகலத்துக்கு என் பூரி. இடப்பக்கப் பள்ளம் உட்பட. என் கையெழுத்தைக்கூட நான் அப்படி அடையாளம் கண்டதில்லை. நேராகக் கல்லாவுக்குப் போனேன்.

"அண்ணே, வெளிய போர்டுல இருக்கிற பூரி..."

"ஒரு செட்டா, ரெண்டு செட்டா?"

"இல்லண்ணே, அந்தப் படம் நான் எடுத்தது."

"அப்டியா? நல்லாத்தான் எடுத்திருக்கிற. உக்காரு தம்பி. பூரிதான?"

உட்கார்ந்தேன். வந்த பூரி வாழையிலையோடு இலையாக இருந்தது.

"போர்டுல உப்பிக்கினு இருக்குதேண்ணே?"

"அது போட்டோ தம்பி" என்றார், எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வதுபோல.

சந்தேகம் வந்து ஊரைச் சுற்றினேன். ரயில் நிலையச் சாலையில் இன்னொரு கடை. அங்கே என் பூரிக்குப் பக்கத்தில் யாரோ பச்சைச் சட்னி ஊற்றியிருந்தார்கள். ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும் வழியில் மூன்றாவது கடை. அங்கே படத்தையே இடவலமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். பள்ளம் வலப்பக்கம் போயிருந்தது. மூன்று போர்டுகளின் மூலையிலும் ஒரே செல் நம்பர், திண்டிவனத்து ஃபிளெக்ஸ் கடையுடையது. மூன்றையும் போனில் பிடித்துக்கொண்டேன். அச்சில் வந்த மூன்று படங்கள் கிடைத்துவிட்டன. பெயர் ஒன்றுதான் பாக்கி.

பேருந்தில் திரும்பும்போதே மனு தயாராகிவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் அதுதான். "பொருள்: பூரிப் படத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தியது தொடர்பாக" என்று தொடங்கி, "தாங்கள் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்திருந்தேன். ஃபிளெக்ஸ் கடைக்காரரே டிசைனும் செய்பவர். அவருக்கு என் வயதுதான் இருக்கும். முழுவதையும் வாசித்தார்.

"கலெக்டருக்கு நகல் போடலயா ப்ரோ?"

"அதெல்லாம் வேணாம்னுதான் நேரா உங்ககிட்ட வந்தேன்."

"நீங்க உங்க மாமாவுக்கு சும்மாதான குடுத்தீங்க?"

"ஆமா."

"நானும் அவங்களுக்கு சும்மாதான் குடுத்தேன். நல்ல பூரி ஒண்ணு இருந்தா போடுன்னாங்க. உங்களுதுதான் இருந்துச்சி. ஒரு ஹெல்ப்புதான?"

"உங்க பேரு மட்டும் எல்லாத்துலயும் இருக்குதே" என்றேன்.

"பேரு இல்லன்னா நாளைக்கு யாரு எனக்கு ஆர்டர் குடுப்பான்?" என்றார். சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டார். "பேஜாரு பண்ணாதீங்க ப்ரோ. உங்களுக்குப் பேருதான வேணும்? அஞ்சு நிமிஷம்."

ஐந்து நிமிடத்தில் திரையில் ஒரு போர்டு உருவானது. நடுவில் நான் கைகூப்பி நிற்கிறேன். அந்த உடம்பு யாருடையது என்று தெரியவில்லை, தலை மட்டும் என்னுடையது. பின்னால் இரண்டு சிங்கங்கள். மேலே என் பெயர், அதற்கு மேலே "திண்டிவனத்தின் புகைப்படப் புயல்". பூரி என் காலடியில், எலுமிச்சம்பழ அளவில்.

"எப்டி?" என்றார், உண்மையான பெருமையோடு.

கெட்ட மனிதர் இல்லை. எங்கள் ஊரில் ஒருவருக்கு மரியாதை செய்வது என்றால் முகத்தைப் பெரிதாக்குவது என்றுதான் அர்த்தம். அவர் மனதாரச் செய்தார். அதை எடுத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சிங்கங்களை மட்டும் எடுத்துவிடட்டுமா என்று வாசல்வரை வந்து கேட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினேன். அவர் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார், மடி நிறையக் கடலைத் தோல்.

"என் படத்த ஊரே எடுத்துக்கினு போயிருக்குதும்மா. எங்கயும் என் பேரே இல்ல."

"பேரு வெட்டாம யாருடா உன்ன குடுக்கச் சொன்னது?"

"போட்டோவுல எப்டிம்மா வெட்டுறது?"

"அது எனக்கு இன்னா தெரியும், படிச்சவன் நீ. என் டம்ளர உங்க மாமன் கடையிலயே வச்சிக்கினு ரெண்டு வருசமாச்சி. எனக்கு ஒரு பயம் இல்ல. பேரு வெட்டியிருக்குது, எவனும் தன்னுதுன்னு சொல்ல முடியாது. ஆனா குடுக்கத்தான் மாட்டேன்றான், தடிப்பய."

நான் போனை எடுத்து, அன்று காலை பிடித்த போர்டுப் படத்தைப் பெரிதாக்கினேன். பூரியைத் தாண்டி, கிழங்கைத் தாண்டி, டம்ளர் வரைக்கும். விளிம்புக்குக் கீழே, புள்ளி புள்ளியாக, உளியால் தட்டி வெட்டிய எழுத்துகள். அம்மாவின் பெயர், இனிஷியலோடு. பத்தடிப் போர்டில் ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம் இருக்கும். நான் பூரியையே பார்த்துக்கொண்டிருந்ததால் இரண்டு வருடமாக என் கண்ணில் படவில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வெள்ளிக்கிழமைக்குள் வேறு எந்த வேலையும் நடக்காது.

மறுநாள் மாமா கடைக்குப் போனேன். டம்ளர் கல்லாவில் இருந்தது, பல் குத்தும் குச்சிகள் நிறைந்து.

"மாமா, அம்மா டம்ளரு வேணும். வேலைக்கு இண்டர்வியூ, அங்க காட்டணும்."

"டேய், கட தொறந்த அன்னிலருந்து அது இங்கதான் இருக்குது. ராசிடா. அத்த எடுத்துட்டா வியாபாரம் படுத்துடும்."

"உங்க பூரி மாதிரியா?"

"வாய்க் கொழுப்பு! எல்லாம் எங்க அக்கா குடுக்கிற எடம்." மாமா குச்சிகளைக் கொட்டிவிட்டு டம்ளரை என் கையில் வைத்தார். "வேலைக்குன்றதால குடுக்கறேன். திரும்பி வந்துடணும். ஜல்தி."

அக்காவின் டம்ளரை அக்கா வீட்டுக்கு அனுப்புவதற்கு இவ்வளவு நிபந்தனை.

வெள்ளிக்கிழமை, பதிப்பகம் ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்தது. பதிப்பாசிரியர் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. மூன்று போர்டுகளின் படங்களையும் மேஜையில் பரப்பினேன்.

"நல்ல பூரி. உங்க பேரு எங்க?"

டம்ளரைப் பையிலிருந்து எடுத்து வைத்தேன். அவர் அதையும் என்னையும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மாட்டி, எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படத்தோடு ஒப்பிட்டார்.

"இது யாரு?"

"எங்கம்மாங்க."

"அப்ப இண்டர்வியூவுக்கு அவங்கதான வந்திருக்கணும்?"

மாமா கடை, பூரி படுத்தது, ஸ்டிக்கர், டிசைனர், சிங்கங்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். கேமராவில் இருந்த மூலப்படத்தையும் காட்டினேன். அதில், யாரும் போர்டில் போடாத ஓரத்தில், அடுத்த பூரியைக் கரண்டியில் ஏந்திக்கொண்டு மாமாவின் கை ஓடி வருகிறது. பதிப்பாசிரியர் கேமராவை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார்.

"பூரியவிட இந்தக் கை நல்லாருக்கு" என்றார். "மூணாவது கடையில உங்கம்மா பேரு கண்ணாடியில பாக்கிற மாதிரி திரும்பி நிக்குது, கவனிச்சீங்களா?" நான் கவனித்திருக்கவில்லை. "சரி. பத்துப் பண்டத்தப் படம் எடுத்துக்கினு வாங்க. பிடிச்சிருந்தா புத்தகம் உங்களுது. முதல் பக்கத்துல உங்க பேரு வரும்." டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்: "ஊர் ஊரா அவங்க பேரப் போட்டுக்கினு இருக்கீங்களே, அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

மனுவில் நான் எழுதியிருந்த "அனுமதியின்றி" என்ற சொல் பேருந்து முழுக்க என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது.

அன்று மாலை அம்மாவிடம் டம்ளரைக் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மறுநாள் காலை நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, "வா, காட்டு" என்று கிளம்பிவிட்டார். டம்ளர் பையில்.

அம்மாவுக்குப் படிக்க வராது. கையெழுத்துப் போட மட்டும் நான்தான் கற்றுக்கொடுத்தேன், அதனால் தன் பெயரின் எழுத்துகள் மட்டும் தெரியும். விழுப்புரம் பேருந்து நிலையத்தருகே அந்தப் போர்டின் கீழே தலையை நிமிர்த்தி நின்றார். உதடு அசைந்தது. ஒரு எழுத்து, இரண்டு எழுத்து, கடைசி எழுத்து வரை. கல்லாவில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, உள்ள வந்து உக்காருங்க."

"அந்த டம்ளரு என்னுதுங்க" என்றார் அம்மா, பையிலிருந்து எடுத்து உயர்த்திக் காட்டி.

கடைக்காரர் டம்ளரைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், என்னை அடையாளம் கண்டார். "தம்பி, அன்னிக்கு பூரின்ன. இன்னிக்கு டம்ளரா?" என்றார். ஆனாலும் வெளியே வந்து, எங்கள் கூடவே நின்று, கழுத்தை வளைத்து வாசித்தார். "அட, ஆமா" என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இருந்தது, நான் எதிர்பார்த்த கோபம் இல்லை.

"விளிம்புல பாரு, எவ்ளோ கறை. போட்டோவுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நல்லா புளி போட்டு தேச்சிக் குடுத்திருப்பேன் இல்ல? ஊரே பாக்குதேடா."