சென்றி கண்டால் நடை

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தைத் தமிழர்கள் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடமாட்டார்கள். பஸ் நகரத் தொடங்கிவிட்டால், போனால் போகட்டும் என்று அடுத்ததுக்குக் காத்து நிற்பார்கள். காலி வீதியில் ஒரு தமிழன் ஓடினால் எதை வைத்துவிட்டு ஓடுகிறான் என்றுதான் முதலில் கேள்வி வரும். அப்படிப்பட்ட இடத்தில், அப்படிப்பட்ட காலத்தில், உடம்பைக் குறைக்கவென்று நான் ஓடத் தொடங்கினேன். என் புத்தி அவ்வளவுதான்.

அதற்கு முதல் ஏரோபிக்ஸ் வகுப்புக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் வகுப்பு நடந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி. சொல்லித் தந்த பெண் ஈர்க்குச்சி மாதிரி இருந்தாள். அவள் கையைத் தூக்கச் சொன்னால் என் கை பக்கத்தில் நின்ற மாமியின் மூக்கில் போய் இடிக்கும். மின்வெட்டு வந்து பாட்டு நின்ற நாட்களில் நான் மனதுக்குள் மின்சார சபையை வாழ்த்தியிருக்கிறேன். அங்கேதான் என் சிநேகிதியைக் கண்டுபிடித்தேன். எங்கள் ஒழுங்கையிலேயே நாலு வீடு தள்ளி இருந்த முஸ்லிம் பெண். அவளுடைய வாப்பாவுக்குக் காலி வீதியில் துணிக்கடை. அவளுக்கும் அந்தக் கண்ணாடி பிடிக்கவில்லை.

"நம்மளயே நாம பார்த்துக்கிட்டு என்னத்துக்குக் குதிக்கிறது? கடல் பக்கம் ஓடுவோம், வாங்க" என்றாள்.

எங்கள் ஒழுங்கை நேரே கடலுக்கு இறங்கும். கடலோரம் ரயில் பாதை, அதன் ஓரமாக ஒரு மண் வழி. விடியற்காலையில் அங்கே காற்று நன்றாக இருக்கும். ஒழுங்கை முடியும் இடத்தில் மணல் மூட்டை அடுக்கிய ஒரு காவல் அரண். சென்றி என்போம். அதில் காலையில் எப்போதும் ஒரே பொலிஸ்காரர்தான் நிற்பார். நடு வயது, கொஞ்சம் வண்டி வயிறு. தினமும் எங்கள் அடையாள அட்டையை வாங்கி, முதல் தரம் பார்ப்பவர் போல முகத்தையும் படத்தையும் ஒப்பிடுவார். என் படத்துக்கும் முகத்துக்கும் இடையில் பத்துக் கிலோ வித்தியாசம் இருந்ததால் நான் அதைக் குற்றமாக எடுக்கவில்லை.

மூன்றாவதாக வந்து சேர்ந்தவள் யாழ்ப்பாணத்துப் பெண். வடக்கே பெரிய இடப்பெயர்வு நடந்து முடிந்த பிறகு, படிக்கவென்று கொழும்புக்கு வந்து எங்கள் பக்கத்து வீட்டில் பெரியம்மாவோடு தங்கியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் இல்லங்களுக்கு இடையில் ஓட்டப்போட்டி என்றால் அவளை அடிக்க ஆள் இல்லையாம். நாங்கள் ஓடப் போவதை மதிலுக்கு மேலால் நாலைந்து நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன்னையும் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்டாள். அந்தக் கண்ணைப் பார்த்தால் யாரும் மாட்டேன் என்று சொல்லமுடியாது. அவளுக்குச் சாப்பாடும் தூக்கமும் அப்போது பெரிதாக இல்லை. ஓட்டம் ஒன்றைத்தான் வாய் திறந்து கேட்டாள்.

பெரியம்மா லேசில் விடவில்லை. பருத்த உடம்பு, உரத்த குரல், ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"ஒருநாள் எண்டாலும் சென்றியில அவங்கள் உன்னை மறிச்சு ஒரு கதை கதைச்சாங்கள் எண்டால், அந்த நாளோட ஓட்டத்துக்கு முழுக்கு. விளங்கிச்சோ?"

"ஓம் பெரியம்மா."

அதனால் நாங்கள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். சென்றி கண்டால் நடை. மணல் மூட்டை கண்ணில் பட்டதும் ஓட்டத்தை நிறுத்தி, கைகளை விரித்தபடி நடந்து போய், அட்டையைக் காட்டி, மறுபடி நடக்க வேண்டும். எனக்கு மூச்சு வாங்க அது நல்ல சாட்டு. நானும் சிநேகிதியும் சென்றியைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்திலேயே ஓடத் தொடங்கிவிடுவோம். அவள் மட்டும் பாதை வளையும் இடம் வரை நடந்துதான் வருவாள். வளைவு தாண்டியதும் பிடிக்கமுடியாது. கால்வாய் கடலில் விழும் இடம் வரை போட்டி போடுவோம்; அவள் போய் நின்று, கல்லில் இருந்து, சப்பாத்து நூலைக் கட்டி முடித்த பிறகும் நாங்கள் வந்து சேரமாட்டோம். "அக்கா, நடந்து வந்தனீங்களே?" என்று சிரிப்பாள். சிங்களத்தில் ஒரு வசனம் மட்டும் அவளுக்குப் பாடம். 'மம துவனவா', நான் ஓடுகிறேன். யாராவது கேட்டால் சொல்லவென்று சிநேகிதி சொல்லிக்கொடுத்தது.

சித்திரைப் புத்தாண்டு வந்தது. எங்கள் பகுதியில் சிங்களப் பொடியன்கள் ஒவ்வொரு வருடமும் விளையாட்டு விழா நடத்துவார்கள். தலையணைச் சண்டை, பனிஸ் தின்னும் போட்டி எல்லாம் பின்னேரம். காலையில் மரதன் ஓட்டம். பெண்களுக்கும் உண்டு. முதல் பரிசு பெரிய பிளாஸ்டிக் பேசின். அந்தப் பேசின் எங்கள் மூவரில் ஒருத்திக்குத்தான் என்று எனக்கும் சிநேகிதிக்கும் சந்தேகமே இல்லை. யாழ்ப்பாணத்தவளும் ஒரு வாரமாகச் சப்பாத்தைக் கழுவிக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

மைதானத்தில் தொடங்கி, காலி வீதியால் வந்து, எங்கள் ஒழுங்கையால் இறங்கி, கடலோரமாகத் திரும்ப வேண்டும். விசில் ஊதியதும் அவள் போனாள். காலி வீதிக்கு நாங்கள் வந்தபோது அவளுடைய மஞ்சள் சட்டை ஒரு பொட்டாகத்தான் தெரிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். யாரோ பெற்ற பிள்ளை, நான் என்னவோ பயிற்சி கொடுத்து வளர்த்தவள் மாதிரிப் பெருமைப்பட்டேன்.

ஒழுங்கையால் இறங்கிக் கடலோரத்துக்கு வந்தபோது அவள் சென்றிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

கைகள் விரிந்திருந்தன. ஒரு கையில் அடையாள அட்டை. மற்றப் பெண்கள் அவளைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். பொலிஸ்காரர் மணல் மூட்டைக்கு வெளியே வந்து, தோளில் துவக்குத் தொங்க, கையை வீசி வீசிக் கத்தினார்.

"துவே, துவன்ன! துவன்ன!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. போட்டியில்கூட யாராவது இந்தச் சட்டத்தைப் பார்ப்பார்களா?

"விசரே உனக்கு? ஓடு!" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மெல்லச் சொன்னாள்.

"அக்கா, ஓடு ஓடு எண்டு சொல்லுறான்."

"ஓமடி. அப்ப ஓடன்."

"ஓடினால் பின்னால சுடுவாங்கள். ஊரில எங்கட சந்தியில ரெண்டு பொடியளை அப்பிடித்தான் ஓடச் சொன்னவங்கள்."

ஒவ்வொரு காலையும் வளைவு வரை அவள் ஏன் நடந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வளைவு தாண்டினால் சென்றியிலிருந்து ஆள் தெரியாது.

சிநேகிதி அவளுடைய கையைப் பிடித்தாள். "புள்ள, அவரு ஓடு ஓடுன்னு சொல்லல்ல. துவேன்னா மகளே. மகளே, ஓடுன்னு சொல்றாரு. ஒன்ன ஜெயிக்கச் சொல்றாரு."

சிங்களத்தில் மகளும் ஓட்டமும் கிட்டத்தட்ட ஒரே சத்தம். அவளுக்குத் தெரிந்தது ஓட்டம் மட்டும். விளக்கியும் பயன் இல்லை. அவள் அட்டையை நீட்டியபடியே நின்றாள். ஆளுக்கொரு பக்கமாக நாங்கள் அவளைப் பிடித்துக்கொண்டு வளைவு வரை நடந்தோம். திரும்பிப் பார்த்தேன். பொலிஸ்காரர் வீசிய கையைக் கீழே போட்டுவிட்டு எங்களையே பார்த்தபடி நின்றார். பாவமாக இருந்தது. யாரைப் பாவம் என்று நினைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

நாங்கள் மூவரும் கடைசி. மைதானத்தில் பெரியம்மா துவாயோடும் தண்ணீர்ப் போத்தலோடும் நின்றார். பேசினை வேறொரு பெண் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினாள்.

"அவங்கள் மறிச்சவங்களே?" பெரியம்மாவின் முதல் கேள்வி அதுதான்.

"இல்லைப் பெரியம்மா. ஓடச் சொன்னவங்கள்."

"அப்ப ஏன் பிள்ளை ஓடேல்லை?"

அவள் சொன்னாள். ஊரில் என்ன நடந்தது என்பதையும் சொன்னாள். பெரியம்மாவுக்கும் அது புதுக்கதை. சொல்லி முடித்துவிட்டு, "முதுகைக் காட்டி ஓட எனக்கு ஏலாது பெரியம்மா. நான் இனி ஓடேல்லை, விடுங்கோ" என்றாள். அவ்வளவு நாளும் பெரியம்மா ஓட்டத்தை நிறுத்திவிடுவார் என்றுதான் நாங்கள் பயந்தோம். அவளே நிறுத்துவாள் என்று யார் கண்டது? எனக்கு அழுகை வந்தது. பெரியம்மா துவாயை அவள் தலையில் போட்டு முரட்டுத்தனமாகத் துடைத்தார்.

அடுத்த நாள் விடியற்காலை நாங்கள் இருவர் மட்டும் போவதென்று வெளிக்கிட்டோம். பக்கத்து வீட்டுக் கேற்றடியில் பெரியம்மா நின்றார். நூல் சேலை, பாட்டா செருப்பு. பின்னால் அவள், சப்பாத்துப் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி.

"நடவுங்கோ" என்றார் பெரியம்மா.

சென்றியில் நால்வரும் அட்டை காட்டினோம். பொலிஸ்காரர் அன்று அவளுடைய அட்டையில் படத்தைக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார். சென்றியைத் தாண்டியதும் பெரியம்மா பாதை நடுவில் நின்றுகொண்டார். அவளுக்கு முதுகைக் காட்டி, சென்றியைப் பார்த்தபடி, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி.

"அம்மே?" என்று பொலிஸ்காரர் குழப்பத்தோடு கேட்டார்.

"நீர் உம்மட வேலையைப் பாரும்" என்றார் பெரியம்மா, நல்ல யாழ்ப்பாணத் தமிழில். பிறகு திரும்பாமலே அவளுக்குச் சொன்னார். "உன்ர முதுகுக்கு நான் நிக்கிறன். நீ ஓடு."

அவள் நடந்தாள். நின்றாள். திரும்பிப் பார்த்தாள். அந்தச் சின்னப் பாதையில் பெரியம்மாவைத் தாண்டி எதுவும் தெரிந்திருக்காது, அவ்வளவு அகலம். பிறகு ஓடினாள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு அவளுடைய கால் அவளுக்கு வந்தது. நாங்கள் ஓட மறந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஓடுறாளே?" பெரியம்மா திரும்பவில்லை.

"ஓடுறா, ஓடுறா" என்றாள் சிநேகிதி.

"வளைவு தாண்டிட்டாளே?"

"தாண்டிட்டா."

அதற்குப் பிறகுதான் அவர் திரும்பினார். பாதை வெறிச்சென்று கிடந்தது. அந்த மழைக்காலம் வரை ஒவ்வொரு காலையும் பெரியம்மா அங்கே வந்து நின்றார். அவள் எவ்வளவு அழகாக ஓடுவாள் என்று நாங்கள் அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தோம். அவர் ஒருநாளும் அதைப் பார்க்கவில்லை.