அப்பாவுக்கு ஒரு ஏர் ரைபிள்

துப்பாக்கிக் கடைக்குள் நான் காலெடுத்து வைப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கொசு பேட்டையே தயங்கித் தயங்கிப் பிடிக்கிற ஆள் நான்! ஆனால் சமீபத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அமீரகத்தின் அல் ஐனில் வேட்டைச் சாமான் விற்கிற கடையில் நின்றுகொண்டிருந்தேன். காரணம்... கயல்விழி.

துபாய் கராமாவில் எங்கள் எதிர் ஃபிளாட். சிவகங்கைப் பக்கம் சொந்த ஊர். கணவர் அன்வர், கீழக்கரைக்காரர், மொபைல் கடை வைத்திருக்கிறார். காதல் கல்யாணம். அவர் ஒரு மதம், இவள் ஒரு மதம். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்தான் கயலின் அப்பா. வருஷங்கள் ஓடிவிட்டன. கயல் வாராவாரம் அம்மாவுக்கு போன் போடுவாள். இவள் குரல் கேட்டதும் அந்தப் பக்கம் டி.வி. சத்தம் கூடும். கூட்டுவது அப்பாதான்!

இப்போது தம்பிக்குக் கல்யாணம். “ரெண்டு பேரும் வாங்க” என்று அம்மா சொல்லிவிட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் விடுவாரா, வாசலோடு அனுப்பிவிடுவாரா? யாருக்கும் தெரியாது.

“அப்பாவோட ஏர் கன்ல ஸ்பிரிங் போயிடுச்சாம்ணே. ஆணியில தொங்குதாம். புதுசு ஒண்ணு வாங்கிட்டுப் போனா...?” என்றாள்.

மகளுக்குத் திறக்காத கதவு துப்பாக்கிக்குத் திறக்குமா? கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. காரை எடுத்தேன்.

கடைக்காரர் கான் பாய், பெஷாவர்க்காரர். அன்வர் உள்ளே நுழைந்ததுமே, ஸ்கோப் மாட்டிய பெரிய ரைபிளைக் காட்டி “இதைக் குடுங்க பாய்” என்றார். மொபைல் வியாபாரி இல்லையா? ஃபீச்சர் கூடினால் நல்லது என்று நினைப்பு.

கான் பாய் அசையவில்லை. “எதைச் சுட? எவ்வளவு தூரத்துல? யார் சுடப் போறது?” என்று ஹிந்தியில் கேட்டார்.

அன்வர் என்னைப் பார்த்தார். நான் சீலிங்கைப் பார்த்தேன்.

“முயல்... கௌதாரி” என்றாள் கயல். சொல்லிவிட்டு ஒரு ரைபிளை எடுத்தாள். தோளில் பொருத்தினாள். கன்னத்தைச் சாய்த்து, சுவரில் ஒரு மூலையைக் குறி பார்த்தாள். “முன்பக்கம் கனமா இருக்கு. வேற காட்டுங்க.”

நாங்கள் இருவரும் ஓரடி பின்வாங்கினோம்.

“எங்கிட்ட சொல்லவே இல்லியே!” என்றார் அன்வர். சின்ன வயதில் அப்பாவோடு காடு கரையெல்லாம் அலைந்தவளாம்.

“சொன்னா நீங்க பயந்துடுவீங்க.”

கான் பாய்க்கு உற்சாகம் வந்துவிட்டது. குழல் நாலரை மில்லிமீட்டர் என்றால் ரவை, அதாவது குண்டு, சின்னது, வேகமாக நேராகப் போகும். அஞ்சரை மில்லி கனமான ரவை. முயலுக்கு அதுதான் சரி, அடிபட்டு ஓடிப் போய்த் துடிக்காது. ஆனால் அஞ்சரையில் ஸ்பிரிங் கடினம். ஒவ்வொரு தடவையும் குழலை மடக்கி ரவை போட வலு வேண்டும். “அவருக்குத் தோள் எப்படி?” என்றார்.

அப்பாவின் தோள் இப்போது எப்படி இருக்கிறது? கயலுக்குத் தெரியாது.

“போன் போட்டுக் கேளு மகளே. செருப்பும் துப்பாக்கியும் ஒண்ணு. போடுறவரைக் கேக்காம வாங்கக் கூடாது.”

அம்மாவை அழைத்தாள். ஸ்பீக்கரில் அம்மாவின் குரல், பின்னால் டி.வி. இரைச்சல்.

“அப்பாகிட்ட கேளும்மா... நாலரையா, அஞ்சரையா?”

“ஏங்க, நாலரை மணிக்கா அஞ்சரை மணிக்கான்னு கேக்குறா!”

“மணி இல்லம்மா, ரவை!”

“ரவையா? உப்புமாவுக்கா? அதுக்கா துபாய்லேருந்து போன் போடுற?”

டி.வி. சத்தம் சட்டென்று நின்றது. “குடு இங்க” என்று ஒரு குரல்.

கயல் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நாலரை போதும்” என்றது குரல்.

இத்தனை வருஷத்துக்கு அப்புறம் மகளிடம் பேசிய முதல் வார்த்தை! நல்லா இருக்கியா, சாப்பிட்டியா... ஒன்றும் கிடையாது.

“முயலுக்கு நாலரை எப்படிப்பா பத்தும்?”

“முயலுக்குப் போறதை விட்டாச்சு.”

“ஏன்ப்பா?”

“இப்பல்லாம் ஃபாரஸ்ட்காரன் கேஸ் போடுறான்.” பிறகு, “அதோட... யாரு கூடப் போறது? நீதான் போயிட்டியே.”

கான் பாய்க்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கவுண்டரில் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்தார்.

கயல் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “தோள் எப்படிப்பா இருக்கு?”

“இருக்கு, இருக்கு. ரொம்ப கனமா வாங்கிடாதே.” ஒரு செருமல். “அவரும் வர்றாருல்ல? அவருக்குச் சுடத் தெரியுமா?”

“தெரியாதுப்பா.”

“வரட்டும், பாத்துக்கலாம்.” லைன் கட்.

அன்வர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே... ‘அவரு’ன்னா சொன்னாங்க? ‘அவன்’ இல்லியே?”

“‘அவரு’தான் தம்பி.”

“நல்லாக் கேட்டீங்களா?”

“ஸ்பீக்கர்ல கேட்டேன்யா!”

ரைபிள் வாங்கினோமா? இல்லை. கான் பாயே விற்க மறுத்துவிட்டார். இங்கே போலீஸ் அனுமதி, அங்கே கஸ்டம்ஸ் அனுமதி, ஃபிளைட்டில் தனித் தகராறு. “அவரையே கூட்டிட்டுப் போய் ஊர்ல வாங்கிக்கோ” என்று சொல்லி, எங்களுக்குப் பால் சேர்க்காத சுலைமானி டீ வரவழைத்துக் கொடுத்தார். வியாபாரம் போச்சே என்ற வருத்தம் முகத்தில் துளிகூட இல்லை.

போன வாரம் ஊரிலிருந்து திரும்பி வந்தார்கள். கயல் ஒரு சுற்று பெருத்திருந்தாள்... அம்மா சமையல்! கல்யாணம் முடிந்த கையோடு அப்பா, மகள், மருமகன் மூன்று பேரும் மதுரைக்கு பஸ் ஏறியிருக்கிறார்கள். கடையில் பெரிய சண்டையாம். அப்பாவின் தோளுக்காக மகள் நாலரை என்கிறாள். முயலுக்குக் கூட வர மகள் வந்துவிட்டாளே என்று அப்பா அஞ்சரை என்கிறார். அன்வர் ஓட்டு மாமனாருக்கு. வேறு வழி? அஞ்சரையே வாங்கி, மறுநாளே மூன்று பேரும் காட்டுக்குக் கிளம்பிவிட்டார்களாம்.

நல்லா இருக்கியா என்று கேட்க வாய் வராத மனுஷர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் மன்னிப்பெல்லாம் பேசிப் பிரயோஜனமில்லை. பம்ப் செட்டுக்கு எத்தனை ஹெச்.பி. மோட்டார் போடலாம், மழைக்கு முன்னால் ஓடு மாற்றலாமா என்று அவர்களுக்குத் தெரிந்த எதையாவது கேட்டுப் பாருங்கள். டி.வி. சத்தம் தானாகக் குறையும்.

“சரி, முயல் கிடைச்சுதா? கேஸ் ஒண்ணும் ஆகலியே?” என்று கயலிடம் கேட்டேன்.

“எங்கண்ணே... அப்பாவும் அவரும் அப்படிப் பேசிக்கிட்டே நடந்தா, எந்த முயல் நிக்கும்?”