எந்த ஷாஃப்ட்?

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன் — அதுவும் ஒரு விஞ்ஞானியின் முன்னால்!

சந்தாபுராவில் எங்கள் அபார்ட்மென்ட் பிள்ளைகளைப் பக்கத்துப் பாறைக்குன்றுக்கு அழைத்துப் போனார் வீணா மேடம். நிலநடுக்கத்தை ஆராய்கிறவர். 'பூமிக்கு நாடி பிடித்துப் பார்க்கலாம் வாங்க' என்று வாட்ஸ்அப்பில் அழைப்பு. நாலாம் கிளாஸ் படிக்கும் என் யாழினிக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கமே இல்லை. எனக்கும்தான்... வேறு காரணத்துக்காக.

நான் கேஜிஎஃப்காரி. தங்கச் சுரங்கத் தொழிலாளியின் மகள். எங்கள் லைன் வீடுகளில் திடீரென்று தரை அதிரும், பாத்திரம் உருளும். பூமிக்கடியில் பாறை வெடித்திருக்கும். 'ஏர் பிளாஸ்ட்' என்போம். அடுத்த நொடி தெரு முழுக்க ஒரே கேள்வி: "எந்த ஷாஃப்ட்?" எந்தச் சுரங்கக் குழி என்று தெரிந்தால்தானே யார் வீட்டு ஆள் என்று தெரியும்? அப்பா ஒவ்வொரு முறையும் மேலே ஏறி வந்துவிட்டார். பக்கத்து வீட்டு மாமா ஒருமுறை வரவில்லை.

என் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பூமிக்கு நாடி பிடிக்கச் சொன்னால்?

"கல்லைப் பாக்கப் போற புள்ளைய ஏன்டி பயமுறுத்தற?" என்றார் கணவர். சரி, காவலுக்கு நானும் போகிறேன் என்று கிளம்பினேன்.

மேடம் பாறைமேல் ஒரு சின்னப் பெட்டியை வைத்தார். பிள்ளைகள் குதிக்க, லேப்டாப்பில் கோடும் குதித்தது. ஒரே சிரிப்பு. நானே சிரித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

கொஞ்ச நேரம் கழித்து, யாருமே குதிக்காதபோது... கோடு எகிறியது. உள்ளங்காலில் அதிர்ந்தது.

"எந்த ஷாஃப்ட்?" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "குவாரியில வெடி வெச்சிருக்காங்க... அஷ்டே! ரொம்ப தூரம்" என்றார் மேடம். அவ்வளவுதானாம்! அஷ்டேயாவது கிஷ்டேயாவது! யாழினி எங்கே?

மேடம் தலைகளை எண்ணினார். அவர் முகமும் மாறிவிட்டது. "யாழினீ!" புதருக்குள் தேடினோம், பள்ளத்தை எட்டிப் பார்த்தோம்.

பெரிய பாறைக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தாள் மகராசி — காதைக் கல்லோடு ஒட்டிக்கொண்டு. கை ஓங்கியது அப்போதுதான்.

"ஷ்ஷ்! சும்மா இரும்மா. இன்னொண்ணு வருதான்னு கேக்கறேன்."

அடி எங்கே போயிற்றோ, அழுகைதான் வந்தது. மேடத்திடம் ஷாஃப்ட் கதை முழுவதையும் கொட்டினேன்.

"பூமி ஆடினா எங்க ஆபீஸ்லயும் ஃபர்ஸ்ட் கேக்கறது அதாங்க... எங்கே? அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பெட்டியே" என்றார்.

பிள்ளைகளுக்கு சயின்ஸ் சொல்லிக்கொடுக்கிறவர்கள் அம்மாக்களுக்கும் தனியாக ஒரு கிளாஸ் எடுத்தால் தேவலை.

திரும்பும்போது ஆட்டோவில் யாழினி கேட்டாள்: "அப்போ உங்க தெருல எல்லாருமே சயின்டிஸ்டாம்மா?"

"ஆமாண்டி. பெட்டிதான் இல்ல."