கரும்புத் தோட்டத்து மணியை அம்மன் அடிக்க வைத்தாள்

அம்மாவைக் காணவில்லை என்பது எனக்கு உறைத்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. டெக்சாஸ் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கார் கதவைத் தொட்டால் கை சுடுகிற நாள். போன ஆடி மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. நான் ஏழு மாதக் கர்ப்பிணி. அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. போனைக் காரில் சார்ஜ் போட்டுவிட்டு வந்திருந்தாள். பிரஷர் மாத்திரையும் காரில்தான் இருந்தது.

நம் வெள்ளிக்கிழமை பூஜைக் குழுவில் பலருக்கும் என்னைத் தெரியும். ரவுண்ட் ராக் ஊரில் இருக்கும் செல்வி. பிரசவத்துக்காக ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா முத்தம்மாவையும் சிலர் பார்த்திருக்கிறீர்கள். அவள் வால்பாறையில் தேயிலை பறித்தவள். அப்பா அதே எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை செய்தார். இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பொள்ளாச்சி ஹாஸ்டலில் தங்கிப் படித்து, கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்து, இங்கே வந்தேன். இதை எந்தச் சபையிலும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

ஆவணியில் எனக்கு வளைகாப்பு. வளையலும் சேலையும் வாங்க, இந்தியக் கடைகள் நிறைந்த ஹூஸ்டன் ஹில்கிராஃப்டுக்குப் போயிருந்தோம், நானும் என் கணவர் கார்த்திக்கும் அம்மாவும். வழியெல்லாம் அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். இந்த ஊரில் எஸ்டேட் கிடையாதா என்று கேட்டாள். அந்தக் காலத்தில் பருத்தித் தோட்டமும் கரும்புத் தோட்டமும் இருந்தன, ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைப் பிடித்து வந்து அடிமைகளாக வைத்து வேலை வாங்கினார்கள், அதற்காக இந்த நாட்டில் ஒரு உள்நாட்டுப் போரே நடந்தது என்று சொன்னேன். அவள் கண்ணாடிக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். பிறகு, "அந்த மாதிரி ஒண்ணைக் காட்டுறியா?" என்றாள். இங்கே வந்ததிலிருந்து அவளாக எதையும் காட்டச் சொன்னதில்லை.

அதனால்தான் மறுநாள் போனோம். பிரேசோஸ் நதிப் பக்கம், ஊரை விட்டு ரொம்ப தூரத்தில், பழைய கரும்புத் தோட்டம் ஒன்று. இப்போது கரும்பு கிடையாது. வெள்ளைத் தூண் வைத்த பெரிய வீடும், சர்க்கரை காய்ச்சிய கட்டடத்தின் இடிந்த சுவரும், பின்னால் வரிசையாகச் சில மரக் குடிசைகளும் இருந்தன. சுற்றிலும் புல்வெளி, அதற்கப்பால் காடு, காட்டுக்கு அப்பால் நதி. சுற்றிக் காட்டியவர் டெனிஸ் என்ற கறுப்பினப் பெண்மணி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய கொள்ளுப்பாட்டியின் அம்மா அந்தத் தோட்டத்தில் அடிமையாக இருந்தவராம்.

குடிசைகளுக்கு முன்னால் ஓக் மரத்தடியில் ஒரு கம்பத்தில் பெரிய இரும்பு மணி தொங்கியது. விடிவதற்கு முன்னால் அடித்து ஆட்களைக் கரும்புக்காட்டுக்கு விரட்டிய மணி அது. டெனிஸ் அதன் சங்கிலியைக் கம்பத்தோடு சேர்த்துப் பூட்டி வைத்திருந்தார். டூர் வருகிற பிள்ளைகள் அடிக்கக் கேட்பார்கள், நான் இருக்கும் வரைக்கும் விடமாட்டேன் என்றார்.

அம்மா குடிசைக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரே அறை, ஒரு அடுப்பு, அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர்.

"நம்ம எஸ்டேட் லைன் வீடேதான்டி."

நான் மறுத்தேன். நம்மை யாரும் விற்கவில்லை, உன் பிள்ளையைப் பிடுங்கி இன்னொரு ஊருக்கு அனுப்பவில்லை, என்னை நீ படிக்க வைத்தாய், இவர்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கவே விடவில்லை, இரண்டும் ஒன்றல்ல என்றேன். படித்ததையெல்லாம் ஒப்பித்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அம்மா தலையாட்டிவிட்டு, "ஒண்ணுன்னு நான் சொல்லல. வீட்டைச் சொன்னேன்" என்றாள்.

பிறகு கார்த்திக் தண்ணீர் பாட்டில் எடுக்கக் காருக்குப் போனார். நான் ரெஸ்ட்ரூம் போனேன். அம்மா குடிசை வாசலில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். திரும்பி வந்தால் வாசல் காலியாக இருந்தது.

முதலில் நாங்கள் பதறவில்லை. பெரிய வீட்டில் பார்த்தோம். குடிசை குடிசையாகப் பார்த்தோம். "அத்தை... அத்தை..." என்று கார்த்திக் கூப்பிட்டுக்கொண்டே புல்வெளியின் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் ஓடினார். பதில் இல்லை. கார் நிறுத்துமிடத்திலும் இல்லை. டெனிஸ் போலீசுக்குப் போன் செய்தார். பக்கத்து ஊரிலிருந்து வரக் கொஞ்ச நேரம் ஆகும் என்றார்கள். நதிக்குப் போகும் பாதையில் முதலைப் படம் போட்ட பலகை ஒன்று நட்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு கார்த்திக்கின் முகம் மாறிவிட்டது.

"செல்வி, நீ இங்கேயே நில்லு, ப்ளீஸ். நீயும் மயங்கி விழுந்தா நான் யாரை ஹேண்டில் பண்றது? நான் ரிவர் சைடு செக் பண்ணிட்டு வரேன்."

டெனிஸ் சின்ன வண்டியை எடுத்துக்கொண்டு காட்டோரம் போனார். நான் அந்த ஓக் மரத்தடியில் தனியாக நின்றேன்.

என்னால் நிற்க முடியவில்லை. உட்காரவும் முடியவில்லை. நாலு அடி நடப்பேன், திரும்புவேன். வயிற்றில் குழந்தை புரண்டுகொண்டே இருந்தது. அம்மா எங்கே போயிருப்பாள் என்று மனம் போட்டு அலைக்கழித்தது. மலையில் வழி தவறினால் நாங்கள் பயப்பட மாட்டோம். சரிவில் இறங்கினால் ஓடை வரும், ஓடையைப் பிடித்தால் லைன் வீடுகள் வந்துவிடும். இங்கே நிலமோ தட்டையாகக் கிடக்கிறது. இங்கே சரிவு என்று ஒன்று இருந்தால் அது நதியில்தான் போய் முடியும். அம்மா வழி தெரியாமல் போனால் இறங்கத்தான் செய்வாள். 

அப்போதுதான் பிரார்த்தனை செய்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஸ்லோகம் ஒன்றும் வாயில் வரவில்லை. வெள்ளிதோறும் நான் கேட்பது விசா, கிரீன் கார்டு, சுகப் பிரசவம். அன்று எதையும் வரிசையாகக் கேட்கத் தெரியவில்லை. எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் பூ மிதிக்கும்போது பெண்கள் கூப்பிடுகிற ஒரே வார்த்தைதான் வந்தது. "ஆத்தா." கண்ணை மூடிக்கொண்டு, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, என் அம்மாவைக் கூப்பிடு. என் குரல் அவளுக்கு எட்டல. நீ கூப்பிடு" என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

என் கைக்குள் ஏதோ தட்டியது.

கண்ணைத் திறந்தேன். நான் பிடித்திருந்தது மணிக் கம்பம். பூட்டிய சங்கிலி காற்றில் அசைந்து கம்பத்தில் தட்டிக்கொண்டிருந்தது. அதுவரை காற்றே இல்லை. ஓக் மரத்தில் ஒரு இலைகூட அசைந்து நான் பார்க்கவில்லை.

உடனே எங்கள் எஸ்டேட்டின் தண்டவாளத் துண்டு நினைவுக்கு வந்தது. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் அதைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். வேலைக்கு வரச் சொல்லி விடாமல் அடிப்பார்கள். சாயங்காலம் கொழுந்தை நிறுக்க வரச் சொல்லி விட்டு விட்டு அடிப்பார்கள். மூடுபனி இறங்கிப் பக்கத்துச் செடி கூடத் தெரியாத நாட்களிலும் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே பெண்கள் கூடையோடு வந்து சேர்வார்கள். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் அப்படி வந்தவள்.

டெனிஸ் தனியாகத் திரும்பி வந்தார். அவர் வண்டியை விட்டு இறங்குவதற்குள் நான் கேட்டுவிட்டேன். இந்த மணியை அடிக்க வேண்டும், என் அம்மா தோட்டத் தொழிலாளி, மணிச் சத்தம் கேட்டால் வருவாள் என்றேன். சொல்லும்போதே எனக்குக் கூசியது. எதைக் கேட்கிறேன், யாரிடம் கேட்கிறேன் என்று தெரியாமல் இல்லை. அவர் மணியைப் பார்த்தார். அவர் முகத்தை எனக்குப் பார்க்கத் துணிவில்லை.

எங்கள் ஊரில் இரண்டு விதமாக அடிப்பார்கள் என்று விளக்கினேன். விடாமல் அடித்தால் வேலைக்கு வா என்று பொருள். விட்டு விட்டு அடித்தால், வேலை போதும், இறங்கி வா. நான் அடிக்கப்போவது அந்த இரண்டாவது என்றேன்.

இந்த மணியை அந்த மாதிரி யாரும் அடித்ததாக அவர் கேள்விப்பட்டதில்லையாம். அதை மட்டும் மெதுவாகச் சொன்னார். பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார்.

சங்கிலி துருப்பிடித்துக் கனமாக இருந்தது. எனக்கு இழுக்க வரவில்லை. டெனிஸும் கை கொடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். முதல் அடியில் மரத்திலிருந்த பறவைகளெல்லாம் கிளம்பின. நிறுத்தினோம். இழுத்தோம். நிறுத்தினோம். டெனிஸின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ஆனால் அவர் கையை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் அடித்தோம் என்று எனக்குத் தெரியாது. உள்ளங்கையில் துரு அப்பிவிட்டது.

காட்டோரத்தில் முதலில் மஞ்சள் நிறம் தெரிந்தது. அம்மாவின் சேலை.

தூக்கிச் செருகிய சேலையோடு, சிவந்த முகத்தோடு, வேகமாக வந்தாள். முந்தானையில் ஏதோ மூட்டை. ஓடி வந்த கார்த்திக் அவளைத் தாங்கிப் பிடித்தார். அவள் அவரை விலக்கிவிட்டு நேராக மணிக்கு முன்னால் வந்து நின்று முந்தானையை அவிழ்த்தாள். பருப்புக்கீரை. வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்குக் கடைந்து கொடுக்கலாம் என்று பறித்திருக்கிறாள். குடிசைக்குப் பின்னால் தொடங்கிப் பறித்துக்கொண்டே போனவள் வழியை விட்டுவிட்டாள். நான் பயந்தது போலவே சரிவைத் தேடி இறங்கியிருக்கிறாள். தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் மணிச் சத்தம் கேட்டிருக்கிறது.

கார்த்திக்குக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அத்தை, கீரை வேணும்னு சொல்லியிருந்தா எச்-மார்ட்டுக்கோ இந்தியன் ஸ்டோருக்கோ டிரைவ் பண்ணி வாங்கித் தந்திருப்பேனே."

"அது வாடுன கீரை, மாப்ள."

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். மாத்திரையும் தண்ணீரும் கொடுத்து நிழலில் உட்கார வைத்தோம். போலீஸ்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, மருத்துவ உதவி தேவையில்லை என்று உறுதிசெய்துகொண்டு போனார்கள். எல்லாம் அடங்கிய பிறகு அம்மா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணி கேட்டதும் இந்தக் காலு தானா திரும்பிருச்சு செல்வி. நான் நினைக்கக்கூட இல்ல. ரிட்டயர் ஆகியும் கழுத இன்னும் அவனுக்குத்தான் நடக்குது."

அவன் என்று அவள் சொன்னது எஸ்டேட் துரையை. டெனிஸ் என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இந்தத் தோட்டத்தில் இருந்தவர்கள் எல்லாரும் மணிக்கு வந்துவிடவில்லை என்றார். சிலர் மணி கேட்ட திசைக்கு முதுகைக் காட்டி, இந்த நதியைத் தாண்டித் தெற்கே மெக்சிகோவுக்கு ஓடியிருக்கிறார்கள். பிடிபட்டவர்கள் உண்டு, போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மா நதிப் பக்கம் வெகுநேரம் பார்த்தாள்.

"அதுதான் நல்ல காலு. அவங்ககூடவும் ஆத்தா நடந்திருப்பா."



அந்த மாரியம்மன் எங்களைக் கைவிடவில்லை. புரட்டாசியில் எனக்குச் சுகப் பிரசவம். மகள். ஊர் திரும்புவதற்கு முன்னால் அம்மா அந்தத் தோட்டத்துக்கு மறுபடி போக வேண்டும் என்றாள். அடிமைகளைப் புதைத்த இடம் ஒன்றை டெனிஸ் காட்டினார். பேர் எழுதிய கல் எதுவும் இல்லை, புல் மட்டும்தான். அம்மா கற்பூரம் ஏற்ற அனுமதி கேட்டாள். அப்போது மழையே இல்லை, வெளியில் நெருப்பே வைக்கக் கூடாது என்று அரசுத் தடை இருந்ததால் முடியவில்லை. அதனால் எங்கள் வீட்டுத் தொட்டி வேப்பிலையை மஞ்சள் தண்ணீரில் தோய்த்துத் தெளித்தாள். டெனிஸ் குழந்தையை வைத்துக்கொண்டிருந்தார். மணி மறுபடியும் பூட்டியே இருந்தது. அதுதான் சரி என்று எனக்கும் பட்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்லி முடிக்கிறேன். அன்றிலிருந்து என் மனம் முழுதாக அமைதியாகவில்லை. அந்த மரத்தடியில் எனக்கு முன்னால் எத்தனை அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளுக்காகக் கதறியிருப்பார்கள்? எனக்குக் கிடைத்த பதில் அவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? ஒவ்வொரு வெள்ளியும் விளக்கேற்றியதும் முதலில் இதைத்தான் அம்மனிடம் கேட்கிறேன். கிரீன் கார்டெல்லாம் அதற்குப் பிறகுதான். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் கேட்கிறேன் என்று கோபித்துக்கொண்டதும் இல்லை. ஒரு தடவை அவள் என் அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்ததை என் இரண்டு காதாலும் கேட்டவள் நான். அதனால் காத்திருக்கிறேன்.

உங்களில் யாருக்காவது இப்போது நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் ஒரு நாள் போய்க்கொண்டிருக்கலாம். மந்திரம் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். பக்கத்தில் கிடைப்பதைப் பிடித்துக்கொண்டு அவளைக் கூப்பிடுங்கள். கூப்பிட்ட பிறகு கண்ணைத் திறந்து, உங்கள் கை எதைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள்.