கரையைக் கேட்காத பெட்டி

கட்டுமாவடிக் கடற்கரையில் படகுக்காரர் ஒருவர் ஒரு பை நண்டை என் தோழியின் கையில் கொடுத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். வயிறு எரிந்தது.

நாங்கள் இருவரும் புதுக்கோட்டையில் ஒரே பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறோம். ஒரே பெஞ்சில் படித்தவர்கள். படகு எஞ்சின் பழுதாகப்போவதை அதன் சத்தத்தை வைத்தே முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று ஆளுக்கொரு வழியில் முயன்றோம். நான் சத்தத்தைச் செல்போன் வழியாக எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்பினேன். அவள் படகிலேயே ஒரு சின்னக் கணினிப் பெட்டியை வைத்து, அங்கேயே முடிவெடுக்க வைத்தாள். இதற்குப் பெயர் எட்ஜ் கம்ப்யூட்டிங். கரையில் என்னுடையதுதான் துல்லியம். கடலுக்குள் போனால் சிக்னல் இருக்காது. என் செயலியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"பெட்டியில செவப்பு லைட்டு எரிஞ்சுச்சுங்க. அரை மனசாத்தான் திரும்புனேன். வந்து எஞ்சினத் தொறந்து பாத்தா பேரிங் போயிருக்கு. நடுக்கடல்ல நின்னுருந்தா என்ன பண்றது?" என்றார் படகுக்காரர். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இவங்களுக்கு ஒதவிக்கு வந்தீங்களா?" என்றார்.

பஸ்ஸில் அந்தப் பை என் காலடியில் அசைந்துகொண்டே வந்தது. "பாதி ஒனக்குத்தான்டி" என்றாள். வேண்டாம் என்றேன்.

அடுத்த வாரம் துறைத்தலைவர் எங்களைக் கூப்பிட்டார். "அதான் வேலை செய்யுதேம்மா, இன்னும் எதுக்கு ஆராய்ச்சி? இத்தோட முடிச்சுக்கலாம்" என்றார். அவள் முகம் வாடியது. அவர் என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

ஆமாம் என்று சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெட்டியின் குறை ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். பொறாமையில் தேடித்தேடிப் பார்த்து வைத்திருந்தேன்.

"வேலை செய்யல சார்" என்றேன். அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். "ஒரு படகுலதான் செய்யுது. மீமிசல்ல வேற எஞ்சின் வச்ச படகுல சும்மாவே லைட்டு எரிஞ்சுச்சு. வெயில்ல சூடாகி நின்னுபோகுது. உப்புக்காத்து உள்ள எறங்குது. சும்மா சும்மா எரிஞ்சா, நெசமா எரியறப்ப யாரும் திரும்ப மாட்டாங்க. இப்ப நிறுத்தக் கூடாது சார்."

அவர் ஆராய்ச்சியை இன்னொரு வருஷம் நீட்டித்தார், அவள் பெயரில்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காக இவ்வளவு பேசுவேன்னு நெனைக்கலடி."

"ஒனக்காகப் பேசல" என்றேன். அவள் நம்பவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் அவள் கடலுக்குப் போகிறாள். அவள் கொண்டுவரும் சத்தங்களைத் தரம் பிரிப்பது என் வேலை. வெயிலில் கறுத்துத் திரும்பி வந்து, இன்றைக்குப் பெட்டி சூடாகவில்லை என்று அவள் சொல்லும்போது, சந்தோஷப்பட எனக்குக் கொஞ்ச நேரம் ஆகிறது.